இன்சைட்டில் ஒருவரும் சாகவில்லையாம்!

மாலினி_ஸ்காபரோ: "அரசாங்கமே இடம் பிடித்துக் கொடுத்துப் போதை விற்கிறது" என்று, தாதியின் கண்காணிப்பில் போதை ஏற்றும் இடங்களைப் பற்றி நேற்று கல்வயலான் எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. அங்கே யாரும் விற்பதில்லை. வருபவர் தான் வாங்கியதைத் தானே கொண்டு வருகிறார். பக்கத்தில் தாதி நிற்பார். மூச்சு இறங்கினால் ஒட்சிசனும், ஹெரோயின் மாதிரியான போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்தும் கொடுப்பார். வன்கூவரில் இன்சைட் என்ற இப்படியான இடம் திறந்தது 2003இல். அளவு மீறி அங்கே உள்ளே ஒருவரும் சாகவில்லை.

கல்வயலான்: உள்ளே சாகவில்லை, சரி. வெளியே? 2016இல் பிரிட்டிஷ் கொலம்பியா அவசரநிலை அறிவித்தது எதற்காம்? இன்சைட் இருக்கிற ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஒருக்கால் நடந்து பாருங்கள் தங்கச்சி.

மாலினி_ஸ்காபரோ: அது ஹெரோயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்ததால். இன்சைட்டைச் சுற்றி 500 மீட்டருக்குள் சாவு 35 விழுக்காடு குறைந்தது, மற்ற இடங்களில் 9தான் என்று 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததே.

கல்வயலான்: அது ஹெரோயின் காலத்துக் கணக்கு. வெளியே சாகிறார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

கோப்பாய்_குமரன்: அண்ணைக்கு எல்லாம் தெரியும். குளிர்காலத்துக்கு டயர் மாற்றத் தேவையில்லை என்று அடம்பிடித்தவரல்லவா?

கல்வயலான்: நான்கு பருவ டயர் போதும் என்றேன். இப்போதும் அதுதான் சொல்கிறேன்.

கோப்பாய்_குமரன்: ஏழு பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிவிடும் அண்ணை. அது கிடக்கட்டும். 2016இல் வன்கூவர் ஒழுங்கையில் தொண்டர்கள் அனுமதி கேட்காமலே கூடாரம் அடித்து ஆட்களைக் காப்பாற்றினார்கள். டிசம்பரில்தான் மாகாண அரசு அதற்கு வழிவிட்டது.

கல்வயலான்: சட்டத்தை மீறினவனுக்குப் பொன்னாடையா? 2.5 கிராம் வரை போதைப்பொருள் வைத்திருக்கலாம் என்று 2023இல் அங்கே விட்டார்கள். அடுத்த வருடமே பொது இடத்தில் கூடாது என்று பின்வாங்கினார்கள். அதற்கென்ன பதில்?

மாலினி_ஸ்காபரோ: அது வேறு சட்டம்! நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். நலோக்சோன் பெட்டி இங்கே இலவசம். இரண்டு மூக்குத் தெளிப்பான், கையுறை, வாயோடு வாய் ஊதும்போது வைக்க ஒரு தடுப்பு. நம்முடைய அம்மா ஒருவர் வந்து, மகனுடைய பெயரைச் சொல்லாமல், "இருமல் மருந்துப் பையில் போட்டுத் தாங்கோ பிள்ளை" என்றார். உதடு நீலம் பாரித்தால், குறட்டை மாதிரி இழுத்தால் மூக்கில் அடியுங்கள், 911ஐ அழையுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் எழும்பாவிட்டால் அடுத்ததையும் அடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி மயங்கலாம், தனியே விடாதீர்கள் என்றும் சொன்னேன். அந்த அம்மாவிடம் போய் "வெளியே சாகிறார்களே" என்று கேளுங்கள்.

கல்வயலான்: கண்ணீர்க் கதை வேண்டாம். பெட்டியைப் பற்றி நான் பேசவேயில்லை. என் பேரப்பிள்ளையின் பாலர் பள்ளிக்குப் பக்கத்தில் இந்த இடம் வேண்டாம். பள்ளிகளுக்கு 200 மீட்டருக்குள் இப்படி இடம் கூடாது என்று ஒன்ராறியோ அரசு சட்டம் போட்டு 2025இல் மூடியது நல்ல வேலை.

கோப்பாய்_குமரன்: நீங்கள் இருப்பது மார்க்கம் நகரில். அங்கே அப்படி ஒரு இடமே இல்லையே?

கல்வயலான்: வரவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

வடலி: அண்ணைமார், டயர் விலை யாருக்காவது தெரியுமா?

கல்வயலான்: தம்பி, அதைத் தனியாகக் கேளும். மாலினி, மூன்றாம் தரம் கேட்கிறேன்: வெளியே?

மாலினி_ஸ்காபரோ: வெளியே சாகிறார்கள் என்பதற்காகத்தானே உள்ளே கூப்பிடுகிறோம்!

கல்வயலான்: அப்போ வெளியே சாகிறார்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.