புதுப்பிப்பு: அம்மாவின் எலும்பும் ஐரிசினும்

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் அம்மா காலைதோறும் நடப்பது மட்டும் அவருடைய எலும்புக்குப் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நடந்தாலே ஐரிசின் என்ற ஹார்மோன் சுரந்து எலும்பைக் காக்கும், கவலை வேண்டாம் என்று சிலர் பதிலளித்திருந்தீர்கள். அதன் பின் படித்து அறிந்ததைப் பதிகிறேன்.

தசை இயங்கும்போது இரத்தத்தில் கலக்கும் இந்த ஹார்மோனை 2012இல் ஹார்வர்டின் புரூஸ் ஸ்பீகல்மன் குழு அறிவித்தது. 2015இல் வெளியான ஆய்வில் சிறிதளவு ஐரிசின் எலிகளின் எலும்பை வலுப்படுத்தியது. 2018இல் வந்த ஆய்விலோ, எலும்பு உருவாவதைத் தடுக்கும் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தை ஐரிசின் கூட்டியதுடன், ஐரிசின் உருவாக்க இயலாத எலிகள், வழக்கமாக எலும்பைத் தேயவைக்கும் சூலக நீக்கத்துக்குப் பிறகும் எலும்பை இழக்கவில்லை. இரண்டு ஆய்வுகளும் எதிரெதிராக இருப்பதால், ஐரிசின் பெயரைச் சொல்லி விற்கப்படும் எதையும் நான் வாங்கமாட்டேன்.

மனிதர்களிடம் கிடைத்த சான்றே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்படர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை அரைமணி நேரம் கண்காணிப்புடன் கனத்த பளு தூக்கியும் தரையில் அதிர்ந்து இறங்கியும் 8 மாதம் பயின்றபோது, கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது.

அம்மா நடையை நிறுத்தவில்லை. எலும்படர்த்திப் பரிசோதனை முடிந்து, முதுகெலும்பில் முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே, இயன்முறை மருத்துவரிடம் குறைந்த எடையில் பளுப்பயிற்சி தொடங்கியுள்ளார்.