பழைய நாற்சார் வீட்டில் கூதலைக் குறைக்க என்ன வழி?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அம்மம்மா இருப்பது பழைய நாற்சார் வீடு, நடுவில் திறந்த முற்றமும் நாலு பக்கமும் கட்டடமும் உள்ளது. மார்கழி, தை இரவுகளில் முற்றத்தால் இறங்கும் வாடைக்காற்று கதவிடுக்கு, ஓட்டிடுக்கு எல்லாவற்றாலும் உள்ளே வருகிறது. வெளியே 22 பாகை என்றாலும், வடகீழ்ப் பருவமழையில் ஊறிய சுவர் அறையைக் கூதலாக்கிவிடும். அம்மம்மாவுக்கு முட்டு (மூச்சிழுப்பு) வேறு, இரவில் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை.

யன்னலுக்குத் தடித்த சீலை போட்டாச்சு, கதவடிக்குச் சாக்கும் வைத்தாச்சு. சரி, ஓட்டுக்கூரைக்கு என்ன செய்யலாம்? உள்ளால் படங்கு (தடித்த விரிப்புச் சீலை) கட்டினால் போதுமா, பலகைச் சீலிங்தான் அடிக்க வேண்டுமா? சுவர் சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், அதனால் அது வேண்டாம். பூட்டிய அறைக்குள் தணல் வைக்கவும் தயவுசெய்து சொல்லாதீர்கள், தணலால் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு ஆளையே கொல்லும்.

பழைய ஓட்டு வீடுகளில் வேலை செய்து பழகிய மேசன், தச்சர் யாராவது அந்தப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கோ.