உதவிக் கோச்சுக்குக் கொடுக்கிற காசு அவர் செய்யும் வேலைக்குத் தகுமா?

கேள்வி: வெள்ளவத்தைப் பொருளாளர்

வணக்கம். கொழும்பில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் நான் பொருளாளர். பாடசாலையின் பெயர் வேண்டாம். உதைபந்தாட்ட அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவரும் அவருக்குக் கீழே உதவிப் பயிற்றுநர் ஒருவரும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சங்கம்தான் காசு கொடுக்கிறது. போன கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "உதவிக் கோச் என்னதான் செய்கிறார்? கோன் வைக்கிறார், பந்து பொறுக்குகிறார். அதற்கு மாதம் 30,000 ரூபாயா? அந்தச் செலவை வெட்டுங்கோ" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு பென்சில்வேனியாவில் படிக்கும் என் அக்காவின் மகனோடு கதைத்தபோது இதைச் சொன்னேன். அவன் அங்கே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொன்னான். அமெரிக்கன் புட்போல் அணிக்கு, தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஜிம் நோல்ஸ் என்ற உதவிப் பயிற்றுநரை 2025 தொடக்கத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்து கூட்டி வந்தார்களாம். ஆண்டுக்கு 31 இலட்சம் டொலர் அளவில் சம்பளம். நம்முடைய காசில் 90 கோடி ரூபாய்க்கு மேல். தலைமைப் பயிற்றுநருக்கு அல்ல, உதவிக்கு! அந்த ஒக்டோபரில், அதுவரை ஆடிய நாலு ஆட்டத்திலும் தோற்றிருந்த யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணி இவர்களுக்கு எதிராக 42 புள்ளிகள் எடுத்து வென்றது. அடுத்த கிழமை இன்னொரு தோல்வி. அதோடு தலைமைப் பயிற்றுநரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கணக்குப் பார்க்கிற ஆள் என்பதால் எனக்கு இது தூக்கத்தைக் கெடுக்கிறது. 31 இலட்சம் டொலரோ 30,000 ரூபாயோ, ஒரு உதவிப் பயிற்றுநர் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்பதை எதை வைத்து அளப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம்.

பதில்: முன்னாள் கொலம்பஸ்வாசி

அண்ணா, நான் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் நாலு வருடம் படித்தேன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். அங்கே சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட் மைதானத்துக்குள் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள். முதல் ஆட்டத்துக்குப் போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்து ஓடும், ஐந்து விநாடியில் நிற்கும், பிறகு எல்லோரும் கூடிக் கதைப்பார்கள். இரண்டாவது வருடம்தான், விளையாட்டே அந்த நிற்கிற நேரத்தில் நடக்கிறது என்று பிடிபட்டது.

ஒரு முறை பந்து நின்று அடுத்த முறை தொடங்க 40 விநாடி கொடுப்பார்கள். அதற்குள் எதிரணி எந்த ஆட்களை உள்ளே விடுகிறது, எத்தனை தூரம் மிச்சம் இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, நம்முடைய 11 பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் தடுப்பாட்டப் பயிற்றுநர். முன்பு அதைக் கைச்சைகையாலும் பெரிய படப்பலகைகளாலும் சொல்வார்கள். 2024 முதல் பெரிய அணிகளில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி வைக்க விட்டிருக்கிறார்கள். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அது தானாக நின்றுவிடும். அதாவது 25 விநாடிக்குள் பார்த்து, யோசித்து, சொல்லி முடிக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இப்படி அறுபது எழுபது தடவை.

இது சனிக்கிழமை வேலை மட்டும்தான். மற்ற நாட்களில் வீடியோ பார்ப்பது, பயிற்சி, பதினேழு வயதுப் பொடியன்களின் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோடு கதைத்து அவர்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டி வருவது. அந்தக் கடைசி வேலைதான் பெரியது. நல்ல பொடியன் வராவிட்டால் 25 விநாடியில் என்ன சொல்லியும் பயனில்லை.

நோல்ஸ் பற்றிச் சொன்னீர்கள். அதே மனிதரின் தடுப்பாட்டத்தோடுதான் ஒஹாயோ ஸ்டேட் 2025 ஜனவரியில் தேசிய சாம்பியன் ஆனது. இறுதியாட்டத்தில் நோட்ர டேம் பல்கலைக்கழக அணியை 34க்கு 23 என்று வென்றார்கள். ஒன்பது மாதத்தில் அவருடைய மூளை கெட்டுப்போகவில்லை. ஆட்கள் மாறினார்கள். ஆகவே ஒரு ஆட்டத்தின் புள்ளியை வைத்து அவரை அளக்க வேண்டாம் என்பதுதான் என் பக்கம்.

பதில்: கணக்காளர், கொள்ளுப்பிட்டி

வேலை கஷ்டம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஷ்டத்துக்குத்தான் 31 இலட்சம் கிடைக்கிறது என்றால் நம்ப மாட்டேன். காசு எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். பென் ஸ்டேட் இருக்கிற பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2022இல் தொலைக்காட்சிகளோடு செய்த ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டொலருக்கு மேல். அந்தக் காசைக் கொண்டுவருகிற விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பு, அறை, சாப்பாடு தவிர நேரடியாகச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது நீண்ட கால விதியாக இருந்தது. வாசலை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் போகும். அது பயிற்றுநர்களிடம் போனது. 2009இல் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் மொன்டி கிஃபின் என்ற உதவிப் பயிற்றுநருக்கு 12 இலட்சம் டொலர் கொடுத்தபோது ஊரே வாயைப் பிளந்தது. (தலைமைப் பயிற்றுநர் அவருடைய சொந்த மகன்.) 2018இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பிரென்ட் வெனபிள்ஸ் என்ற உதவிப் பயிற்றுநருக்கு 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 யூலையில்தான் பல்கலைக்கழகங்கள் நேரடியாக வீரர்களோடு வருமானத்தைப் பகிர வழி பிறந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுக்குமாக முதல் வருடம் சுமார் 2 கோடியே 5 இலட்சம் டொலர் உச்ச வரம்பு. எனவே அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி பொடியன்களின் காசு என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் பொருளாளர் அண்ணா, உங்கள் கூட்டத்துக்கு உதவக்கூடியது இதற்கு நேர்மாறான கதை. 1991இல் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம், புட்போல் தவிர்ந்த விளையாட்டுகளில் கீழ்மட்ட உதவிப் பயிற்றுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 16,000 டொலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டது. செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். இளம் ஆட்கள் வேலை பழக இடம் கிடைக்கும் என்றார்கள். அந்தப் பயிற்றுநர்கள் வழக்குப் போட்டார்கள். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் விதி செல்லாது என்றது. அடுத்த வருடம் சங்கம் 5 கோடியே 45 இலட்சம் டொலர் கொடுத்துச் சமரசம் செய்தது. செலவை வெட்டுகிறவர்கள் எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்கிற ஆளில்தான் கத்தியை வைக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் தலைமைப் பயிற்றுநரின் சம்பளத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா?

பதில்: கோல் கம்பத்துக்குப் பின்னால்

சேர், நீங்கள் கேட்கிற ஆள் நான்தான். உங்கள் பாடசாலையில் இல்லை, வேறொன்றில். பதினொரு வருடமாக உதவிப் பயிற்றுநர். காலையில் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒன்றரைக்கு முதலாளி விட்டுவிடுவார். இரண்டரைக்கு கிரவுண்டில் நிற்பேன். கோல் கீப்பர்கள் என் பொறுப்பு. கோனும் நான்தான் வைப்பேன், பந்தும் நான்தான் பொறுக்குவேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அளவு கேட்டீர்கள். அளவு தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் மட்டக்குளியில் இருந்து வருகிற ஒரு பொடியன். பதினைந்து வயது, நல்ல உயரம், பயம் கிடையாது. ஆனால் தாழ்வாக அடிக்கிற பந்துக்கு அரை விநாடி பிந்திப் பாய்வான். மூன்று மட்சில் ஒரே மாதிரி கோல். தலைமைப் பயிற்றுநர் நல்ல மனுஷன், ஆனால் அவருக்குப் பார்க்க இருபத்திரண்டு பேர். "இவனுக்கு ரிஃப்ளெக்ஸ் இல்லை, மாற்றுவோம்" என்றார். மூன்று நாள் தாருங்கள் என்று கேட்டேன்.

முதல் நாள் அவனுடைய கையைப் பார்த்தேன். கையில் பிழை இல்லை. இரண்டாம் நாள் கண்ணைப் பார்த்தேன். பந்தை நேரத்துக்குப் பார்க்கிறான். மூன்றாம் நாள் கோல் கம்பத்துக்குப் பின்னால் புல்லில் படுத்துக்கொண்டு காலைப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது. எதிராளி அடிக்கக் காலை ஓங்குகிற நேரத்தில் இவனுடைய குதிகால் நிலத்தில் இறங்கிவிடுகிறது. குதியில் நிற்கிறவன் பாய வேண்டுமென்றால் முதலில் விரலுக்கு எழும்ப வேண்டும். அந்த அரை விநாடி அங்கேதான் போகிறது.

சொன்னால் "சரி சேர்" என்பான், அடுத்த பந்துக்கு மறுபடி குதி இறங்கும். உடம்புக்குப் பழகிப்போனது வாயால் சொல்லிப் போகாது. கன்டீனில் வெறும் யோகட் கப்புகளைச் சேர்த்து வாங்கிக் கழுவி, ஒரு பையில் கொண்டுவந்தேன். அவனுடைய இரண்டு குதிக்குக் கீழேயும் ஒவ்வொரு கப்பைக் கவிழ்த்து வைத்தேன். குதி இறங்கினால் கப் நசுங்கிச் சத்தம் போடும். நான் பெனல்டி புள்ளியில் இருந்து அடிப்பேன். முதல் நாள் முப்பத்தெட்டு கப் நசுங்கியது. எண்ணினேன், ஏனென்றால் அவனும் எண்ணினான். மூன்றாவது கிழமை ஒரு பின்னேரம், மழைக்கு முந்திய அந்த இருட்டில், இருபது பந்து அடித்தேன். இரண்டு கப்தான் போனது. மற்றப் பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தார்கள். அவன் கப்பைக் கையில் எடுத்து, நசுங்காத பக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

தலைமைப் பயிற்றுநரால் இதைச் செய்ய முடியாது. அவருக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. மூன்று நாள் ஒரு பிள்ளையின் குதியை மட்டும் பார்க்க அவருக்கு நேரம் எங்கே? உதவிப் பயிற்றுநருக்குக் கொடுக்கிற காசு அந்த நேரத்துக்கான காசு. அடுத்த மட்சில் அவன் ஐந்து கோல் வாங்கினாலும் (ஒரு தரம் வாங்கினான், பின்வரிசையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல்) அந்த வேலை நடக்கவில்லை என்று ஆகாது. அமெரிக்காவில் 42 புள்ளி கொடுத்தவரைப் பற்றியும் எனக்கு அதே நினைப்புத்தான். 31 இலட்சம் டொலர் அவருடைய உழைப்பின் விலை அல்ல, அந்த நாட்டு டிவியின் விலை. ஆனால் உழைத்திருப்பார்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மாதம் 28,000. வருடத்தில் பத்து மாதம்தான் வரும். விடுமுறைக்குச் சம்பளம் இல்லை என்பார்கள், ஆனால் ஓகஸ்ட் விடுமுறையில்தான் காலை மாலை இரண்டு நேரமும் பயிற்சி நடக்கும். 2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டுக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் தந்தார்கள். அது கடைக்குப் போய்வரவே முடிந்துவிடும். கிரவுண்டுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன், பந்துப் பையைப் பொடியன்கள் சுமந்தார்கள். அடுத்த வருடம் ஜனவரியில் இருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபா நம்முடைய நாட்டைத் தடை செய்து வைத்திருந்தது. "எங்களுக்கு மேலே போக இடம் இல்லையா சேர்?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அன்று கிரவுண்டில் நான் ஒருவன்தான். அப்போதும் சம்பளம் இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது.

உங்கள் கூட்டத்தில் எழும்பிய அந்த ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மட்ச் அன்று வருவார். மட்ச் அன்று நான் உண்மையில் பந்துதான் பொறுக்குவேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள்.

பதில்: கொலம்பஸ்வாசி

கோல் கம்பம் அண்ணா, நாலு வருடம் ஒரு இலட்சம் பேரோடு இருந்து பார்த்தும் எனக்குத் தெரியாததைக் குதியில் காட்டிவிட்டீர்கள். அங்கே ஆண்டின் சிறந்த உதவிப் பயிற்றுநருக்கு 1996 முதல் பிராய்ல்ஸ் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். இங்கேயும் பாடசாலை மட்டத்திலாவது ஒன்று வேண்டும்.

வெள்ளவத்தைப் பொருளாளர்

எல்லோருக்கும் நன்றி. கணக்காளர் தம்பி, தலைமைப் பயிற்றுநரின் சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கோல் கம்பம் தம்பி, நீங்கள் சொன்ன செவ்வாய்க்கிழமை நானே போனேன். வேலையில் இருந்து அரை நாள் லீவு. எங்கள் உதவிப் பயிற்றுநர் சுவர் ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளையோடு நின்றார். இடது காலால் மட்டும், சுவரில் ஒரே இடத்தில் அடிக்க வைத்தார். நாற்பது நிமிடம். அந்தப் பிள்ளையின் பெயர் அணியில்கூட இல்லை. அடுத்த வருடத்துக்கு, என்றார்.

வீட்டுக்கு வந்து வவுச்சர் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கடந்த மூன்று வருடமும் ஓகஸ்ட் மாதத்துக்கு அவருக்குப் பணம் போகவில்லை. தலைமைப் பயிற்றுநருக்குப் போயிருக்கிறது. ஓகஸ்ட் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் சாப்பாட்டு பில்லில், "பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் எல்லாவற்றிலும் இருப்பது உதவிப் பயிற்றுநரின் கையெழுத்து. கீழே அங்கீகரித்த கையெழுத்து என்னுடையது.

ஞாயிறு கூட்டத்தில் முதலாவதாக அந்த மூன்று ஓகஸ்டுக்குமான 90,000 ரூபாயை வைக்கிறேன். செலவை வெட்டுவது பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.