மாங்கூழ் டின்னும் பாதுகாப்புச் சோதனையும்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி (கிருஷ்ணகிரி):
துபாயில் இருக்கும் மகளுக்காக எங்கள் ஊர் மாங்கூழ் டின்களைக் கொண்டு சென்றேன். பெட்டியின் எடை கூடியதால் கைப்பையில் வைத்துக்கொள்ளுமாறு விமான நிறுவன ஊழியரே சொல்லியிருக்க, பாதுகாப்புச் சோதனையில் அவற்றை வாங்கிக் குப்பையில் போட்டார்கள். விதி அதுவானால் ஏற்கிறேன். பெட்டி உள்ளே போன பிறகு அதைச் சொல்வது என்ன நிர்வாகம்? புகார் செய்தால் நிறுவனம் பாதுகாப்புப் படையையும், படை விமான நிலையத்தையும், நிலையம் மறுபடி நிறுவனத்தையும் கைகாட்டுகின்றன.

பதில் (ஓசூர்):
விதி உண்மைதான், ஐயா. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமான பிறகே, பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் திரவமோ கூழோ கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. உங்களுக்குத் தவறாகச் சொன்னவர் நிறுவன ஊழியர் என்பதால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அந்நிறுவனத்தின் மீதே புகாரைப் பதியுங்கள்.

பதில் (தருமபுரி):
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். விமான நிலையங்களைக் காக்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைக்கு, ஊழல், மனித உரிமை மீறல் நீங்கலாக, அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. அந்த வழியில் காலத்தை வீணாக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. ஏர்சேவாவில் பதிந்துவிட்டேன், டின்னுக்கான பணத்தைக் கேட்கவில்லை, எழுத்து மூலமான விளக்கத்தையே கேட்டிருக்கிறேன்.