பழைய சின்ன டீசல் கார்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

கரும்புகை:
வணக்கம். என்னிடம் 2009-ல் வந்த ஒரு சின்ன டீசல் ஹேட்ச்பேக் இருக்கிறது. 1.5 லிட்டருக்கும் குறைவான இன்ஜின், டர்போ, காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் அமைப்பு). டிபிஎஃப், அதாவது புகைத்துகளைப் பிடிக்கும் ஃபில்டர், கிடையாது. பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பதிவிலேயே பிராண்ட் சண்டை ஆரம்பித்துவிடும். ஹைவேயில் நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 22 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, இப்போது 17-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. அலுவலகம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வார நாட்களில் எல்லாமே நாலைந்து கி.மீ. ஓட்டம்தான். வாரக் கடைசியில்தான் நீண்ட பயணம். "வித்துட்டு பெட்ரோல் வாங்கு" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். உண்மையிலேயே இதில் மிச்சம் இருக்கிறதா, இல்லை வெறும் பாசத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறேனா?

நாலாம்கியர்:
விற்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்கக் காற்று வரும் வழியையே த்ராட்டில் என்ற வால்வு அடைக்கிறது. அடைபட்ட வழியில் காற்றை இழுக்கவே இன்ஜின் பாதி நேரம் போராடும். டீசலில் காற்றுக்கு அப்படித் தடை இல்லை. எவ்வளவு டீசலைப் பீய்ச்சுகிறோமோ அவ்வளவு சக்தி, அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதும், அதிகம். பெட்ரோலில் 10, 11 என்றால் காமன் ரெயில் டீசலில் 16 முதல் 18 வரை போகும். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் எரிசக்தியும் பெட்ரோலைவிட 10 முதல் 12 சதவீதம் கூடுதல்.

1999-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் லூப்போ 3எல்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல். 100 கி.மீ.க்கு 3 லிட்டர். அதாவது லிட்டருக்கு 33 கி.மீ. இத்தனை வருடம் கழித்து எத்தனை சாதாரண பெட்ரோல் கார் அதைத் தொட்டிருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
லூப்போவைக் கொண்டுவருவார்கள் என்று முதல் பதிவைப் படிக்கும்போதே நினைத்தேன். அது சாதாரணக் காரே இல்லை. அலுமினியக் கதவு, மக்னீசிய பாகங்கள், ஒல்லி டயர், தானாக மாறும் கியர், நின்றால் இன்ஜினை அணைக்கும் வசதி என்று எடையையும் எரிபொருளையும் உறிஞ்சி எடுத்துக் கட்டிய வண்டி. அந்த 3 லிட்டரும் பழைய ஐரோப்பிய லேப் சோதனையில் வந்த எண். மொத்தமே 20 நிமிடம், 11 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ. கூட இல்லை, ஏசி போடுவதில்லை. நிஜத்தோடு ஒட்டாததால்தான் 2017-லிருந்து அந்தச் சோதனையையே மாற்றினார்கள்.

எரிசக்தி கூடுதல் என்றால் லிட்டர் கொஞ்சம் கனமானது, அவ்வளவுதான். அது இன்ஜினின் திறமை ஆகாது. கார்பனும் அதே போலக் கூடுதலாக வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசலுக்கு 2.6 கிலோ. அதனால் டீசலின் 22-ஐ பெட்ரோலின் 22-ஓடு சமமாக வைக்கவே முடியாது.

எனக்கு முக்கியமான சண்டை வேறு. லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று பேசும் பழக்கமே ஆளை ஏமாற்றும். 17 கொடுக்கும் வண்டிக்கும் 22 கொடுக்கும் வண்டிக்கும் ஏதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தெரிகிறது. 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போடுங்கள்: 5.88, 4.55. வித்தியாசம் 1.3 லிட்டர் சொச்சம். 10 கொடுக்கும் பெரிய வண்டியை 12 ஆக்கினால் 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சமாகும். அங்கே வெறும் 2 கூடியது, இங்கே 5. ஆனால் மிச்சம் அங்கேதான் அதிகம். வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓடினாலும் கரும்புகைக்கு லாபம் 134 லிட்டர். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் செட் ஒன்று போனால் பல வருட மிச்சத்தை ஒரே மதியத்தில் விழுங்கிவிடும்.

நாலாம்கியர்:
சரி, உங்கள் கணக்கிலேயே உங்களை மடக்குகிறேன். அவருக்கு இப்போது 17 கொடுப்பது டீசல் வண்டி. நாலைந்து கி.மீ. ஓட்டம், சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்ந்து 17. அதே ஓட்டத்தில் பெட்ரோல் வண்டியும் 17 கொடுக்குமா? த்ராட்டில் பாதி மூடியிருக்கும் இந்த மாதிரி ஓட்டத்தில்தான் பெட்ரோல் ரொம்பக் கீழே விழும். 12, 12.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ.க்கு 8 லிட்டர். டீசலுக்கு 5.88. வித்தியாசம் 2.1 லிட்டர். நீங்களே சொன்னபடி எண்கள் சின்னதாக இருக்கும் இடத்தில்தான் மிச்சம் பெரியது. அப்படியென்றால் ஹைவேயைவிட இங்கேதான் டீசலுக்கு லாபம்!

இன்ஜெக்டர் பயத்துக்கும் ஒரு வார்த்தை. இன்று புதிதாக வாங்கும் சின்ன பெட்ரோல் காரில் என்ன இருக்கிறது? டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன், ஹை பிரஷர் பம்ப், சிலவற்றில் புகை ஃபில்டரும் உண்டு. டீசலில் செலவு என்று நீங்கள் பயந்த அத்தனையும் அங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய சின்ன டீசல் இன்ஜின்களுக்கு உதிரிபாகப் பஞ்சமும் இல்லை. 2001-ல் வந்த ரெனோவின் 1.5 டிசிஐ, ரெனோ, நிசான், டாசியா என்று போய் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் வரைக்கும் ஏறியது. 2003-ல் வந்த ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்டை ஓப்பலும் சுசூகியும் ஃபோர்டும் எடுத்துப் போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
12.5 என்பது உங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட எண். சின்ன ஹேட்ச்பேக்கில் 14 வரும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். வித்தியாசம் 1.26 லிட்டராகச் சுருங்கிவிடும். பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் என்றால் நெரிசலில்தான் அதன் ஆட்டமே. பிரேக் பிடிக்கும்போது போகும் சக்தியைப் பேட்டரியில் சேர்த்து, நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடும். உங்கள் டீசல் அந்த இடத்தில் கிட்டக்கூட நிற்க முடியாது.

நாலாம்கியர்:
கையில் இருக்கும் வண்டியையும் கடையில் இருக்கும் ஹைப்ரிட்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். ஒன்றுக்குப் பணம் கொடுத்து முடித்தாயிற்று.

ஸ்பேனர்:
இவ்வளவு நேரம் தத்துவம் பேசினீர்கள். 22 எப்படி 17 ஆனது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே.

கரும்புகை, உங்கள் குறுகிய ஓட்டம் பெரிய காரணம்தான். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டீசல் இன்ஜின் எரிபொருளில் இருந்து வேலையை அதிகமாகப் பிடுங்கிக்கொள்வதால் வீணாகும் வெப்பம் குறைவு. அதனாலேயே சூடாக நேரம் எடுக்கும். நாலைந்து கி.மீ.யில் அது முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நீங்கள் பார்க்கிங்கில் இருப்பீர்கள். ஆயில் கெட்டியாகவே இருக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் குளிர்ந்த இன்ஜினுக்கான கணக்கிலேயே டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது கேள்வி: வாரக் கடைசிப் பயணத்தில் மட்டும் தனியாகப் பார்த்தால் என்ன வருகிறது? அங்கே 22 வந்தால் வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டம்தான் காரணம். அங்கேயும் 18, 19 என்றால் வண்டியைப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பங்க்கில் டேங்க் ஃபுல் செய்து, பயணம் முடித்து, மறுபடி அதே அளவுக்கு ஃபுல் செய்து, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு அது. பழைய வண்டியில் அது திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஹைவேயில்கூட இன்ஜின் 60, 70 டிகிரியிலேயே ஓடும். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வண்டி ஓடத்தான் செய்யும். பல கார்களில் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளும் பொய் சொல்லும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். இன்ஜின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைக் காரின் சாக்கெட்டில் செருகி கூலன்ட் டிகிரியைப் பாருங்கள். நன்றாக ஓடிய பிறகும் 80-ஐத் தொடவில்லை என்றால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள். ரொம்பச் சின்ன பாகம்.

அடுத்து பிரேக். பிரேக் பேடை அழுத்தும் கேலிபர் ஒட்டிக்கொண்டு வண்டியை இழுத்தபடி இருக்கும். ஓட்டி முடித்து இறங்கியதும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான் குற்றவாளி. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கீறல் இருந்தால் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது விசில் சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வரும். கரும்புகை என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்ஜெக்டர் கடைசியில்தான். அதையும் கழற்றி மாற்றுவதற்கு முன்னால் ரிட்டர்ன் லைன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிடுவார்கள். ஒன்றில் மட்டும் அளவு எகிறினால் அதை மட்டும் பாருங்கள், நாலையும் மாற்றச் சொல்லும் இடத்திலிருந்து கிளம்பி வந்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரு தெர்மோஸ்டாட் 5 கி.மீ.யைத் திருப்பிக் கொடுத்துவிடுமா? நம்ப முடியவில்லை.

ஸ்பேனர்:
முழுசாகக் கொடுக்கும் என்று யார் சொன்னது? கொஞ்சம் தெர்மோஸ்டாட், கொஞ்சம் டயர் காற்று, மீதி அந்த நாலு கி.மீ. ஓட்டம். பழைய வண்டியில் மைலேஜ் ஒரே ஓட்டை வழியாகப் போகாது சார்.

தென்றல்:
எல்லோரும் டேங்க்குக்குள் போவதையே பேசுகிறீர்கள். பின்னால் வெளியே வருவதையும் யாராவது பேசலாமே. டிபிஎஃப் இல்லாத 2009 வண்டி என்றால் அதிகபட்சம் யூரோ 4 என்ற ஐரோப்பிய மாசு விதிக்கு உட்பட்டது. அந்த விதியில் டீசல் காருக்கு ஒரு கி.மீ.க்கு 25 மில்லிகிராம் புகைத்துகள் வரை அனுமதி. அடுத்து வந்த யூரோ 5-ல் அதை 5 மில்லிகிராமாக வெட்டினார்கள். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதை எட்டுவதற்காகத்தான் டிபிஎஃப் எல்லா டீசல் காரிலும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 22 கி.மீ. என்று நீங்கள் சந்தோஷப்படும்போது பின்னால் சைக்கிளில் வருகிறவருக்கு அதில் என்ன மிச்சம்?

நாலாம்கியர்:
நியாயமான கேள்விதான். ஆனால் புதுக் கார் ஒன்றைத் தயாரிக்கவும் டன் கணக்கில் கார்பன் போகிறது. இருக்கும் வண்டியை ஒழுங்காக வைத்து ஓட்டுவதும் சூழலுக்கு நல்லதுதானே?

தென்றல்:
கார்பனைப் பற்றி நான் பேசவே இல்லை. கார்பன் டை ஆக்சைடு எங்கே வெளியேறினாலும் உலகம் முழுக்கக் கலந்துவிடும், அதற்கு உங்கள் பதில் சரி. புகைத்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அந்தத் தெருவிலேயே நிற்கும். ஒன்றின் கணக்கைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது. அதுவும் குளிர்ந்த இன்ஜினில், நாலு கி.மீ. ஓட்டத்தில், தினமும். அவருடைய வண்டி மோசமாக வேலை செய்வதும் அதிகம் தொந்தரவு கொடுப்பதும் ஒரே இடத்தில்தான்.

நாலாம்கியர்:
புது டீசல் மட்டும் என்ன யோக்கியம்? ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் லேபில் சுத்தமாகவும் ரோட்டில் வேறு மாதிரியாகவும் இருந்த கதை 2015-ல் உலகத்துக்கே தெரிந்ததே.

தென்றல்:
அது நைட்ரஜன் ஆக்சைடு பற்றிய கதை. அதனால் பழைய வண்டி சுத்தமாகிவிடாது.

ஸ்பேனர்:
தென்றல் மேடம் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். டிபிஎஃப் உள்ள டீசலை வாங்கி இதே நாலு கி.மீ. ஓட்டினால் இன்னும் மோசம். ஃபில்டரில் சேரும் கரி எரிய 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். இன்ஜின் அதற்காகக் கூடுதல் டீசலைப் பீய்ச்ச ஆரம்பிக்கும், பாதியில் நீங்கள் அணைத்துவிடுவீர்கள். எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், ஃபில்டரும் அடைக்கும். ஆகவே கரும்புகை, எந்தக் காரணத்துக்காகவும் "கொஞ்சம் புது டீசல்" பக்கம் போகாதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது.

கரும்புகை:
எல்லோருக்கும் நன்றி. பெயர் விளையாட்டுக்கு வைத்தது, தென்றல் கேட்ட கேள்விக்குப் பிறகு கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஸ்பேனர் சொன்னபடி ஹைவேயில் மட்டும் ஃபுல் டு ஃபுல் பார்த்தேன். 19-தான் வருகிறது. ஓபிடியில் கூலன்ட் 68-லிருந்து 72-க்குள்ளேயே ஆடுகிறது, இறக்கத்தில் இன்னும் கீழே போகிறது. டேஷ்போர்டு முள் சரியாக நடுவில்! சக்கரம் எதுவும் சூடாக இல்லை. விசிலும் இல்லை. வருட ஓட்டம் 9,000 கி.மீ. பக்கம், அதில் பாதிக்கு மேல் ஹைவே.

ஸ்பேனர்:
தெர்மோஸ்டாட்தான். மாற்றும்போது கூலன்டையும் புதிதாக ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை முழுசாக வெளியேற்றச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் அது கூடோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடைக்காது. டைமிங் பெல்ட் இன்ஜின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றும் பாருங்கள். அறுந்தால் மைலேஜ் பேச இன்ஜினே இருக்காது.

கணக்குப்பிள்ளை:
9,000 கி.மீ.யில் பாதிக்கு மேல் ஹைவே என்றால் என் பேச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். தெர்மோஸ்டாட், பெல்ட் வரைக்கும் செலவு செய்யுங்கள். டர்போவோ கிளட்ச் ஃப்ளைவீலோ இன்ஜெக்டர் செட்டோ கை காட்டினால் அன்றைக்கே விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தை 100 கி.மீ.க்கு ஒன்றரை லிட்டர் மிச்சத்தில் திரும்ப எடுக்கவே முடியாது.

நாலாம்கியர்:
ஃப்ளைவீல் போன வண்டியை யார் சார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? சரிசெய்து இன்னும் சில வருடம் ஓட்டுவதுதான் லாபம்.

தென்றல்:
நாலு கி.மீ.க்கு நான் இன்னும் சைக்கிளைத்தான் சொல்வேன். அந்த ஓட்டத்தை வண்டியிலிருந்து கழித்துவிட்டால் ஸ்பேனர் சொன்ன பாதிப் பிரச்சினை அப்போதே போய்விடும். அதற்கு ஓபிடி ரீடர் வேண்டியதில்லை.