1975 பென்ஸ் 240டி: டிராக்ஸ் பிஸ்டன் கிட் போடலாமா?

அடையாறு_டீசல் (கேள்வி):

வணக்கம். வண்டி 1975 மெர்சிடிஸ் பென்ஸ் 240டி, டபிள்யூ115 பாடி, ஓஎம் 616 எஞ்சின். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, நீலப் புகை வருகிறது, ஐடிலில் நடுக்கம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) சிலிண்டர் 1-ல் 19, 2-ல் 14, 3-ல் 13, 4-ல் 18 பார். "இது டெம்போ டிராக்ஸ் எஞ்சின்தான் சார், புதுப்பேட்டையில் கிட் வாங்கிப் போட்டு மூடிடலாம்" என்கிறார் மெக்கானிக் (டிராக்ஸ் என்பது பஜாஜ் டெம்போவின் ஜீப் மாதிரி வண்டி, புதுப்பேட்டை சென்னையின் பழைய சாமான் மார்க்கெட்). எதை டிராக்ஸிலிருந்து எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது? வின்டேஜ் பதிவுக்கும் கொடுக்கப் போகிறேன். இன்னொன்று: கடையில் 12 வோல்ட் பென்சில் மாதிரி க்ளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் பிளக்) கொடுத்தார்கள். வண்டியில் இருப்பது கம்பி வளையம் வெளியே தெரிகிற மாடல். மாற்றிப் போடலாமா?

அம்பத்தூர்_போரிங்:

சார், கிட் பேச்சை ஓரமாக வையுங்கள். இந்த எஞ்சினில் புதுசுக்கு 22 முதல் 24 பார், குறைந்தபட்சம் 15, சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 3 பாருக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருக்கிறது. ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் நாலும் சேர்ந்தே இறங்கும். 2-க்கும் 3-க்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் வரும் சீல் தகடு) போயிருக்க நிறைய வாய்ப்பு.

முதலில் டேப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணுங்கள். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இதில் ஓட ஓட இடைவெளி குறையும். வால்வு முழுசாக உட்காராவிட்டால் ரிங் நல்லா இருந்தும் கம்ப்ரஷன் காட்டாது. அப்புறமும் குறைவாக இருந்தால் அந்தந்த சிலிண்டரை ஃபயரிங் டி.டி.சி.யில் (வால்வுகள் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தி, க்ளோ பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்றிக் கேளுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங், ஏர் ஃபில்டரில் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட், ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ பக்கத்து சிலிண்டர் ஓட்டையில் காற்று வந்தாலோ கேஸ்கெட். ஆயில் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் இந்த டீசலுக்கு வேண்டாம். உள்ளே இடம் ரொம்பக் கம்மி. கொஞ்சம் கூடினாலும் கனெக்டிங் ராட் வளையும்.

இனி டிராக்ஸ். பஜாஜ் டெம்போ பென்ஸ் லைசென்ஸில் செய்த எஞ்சின், அதனால் 616 குடும்பம் என்பது சரி. அளவு சரியில்லை. 1975 வண்டிக்கு போர் (சிலிண்டர் விட்டம்) 91.0, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 92.4 மி.மீ., 2404 சிசி. 1978-ல் பென்ஸே போரை 90.9 ஆக்கியது, 2399 சிசி. டெம்போ கிட் இந்த 90.9 கணக்கில்தான் வரும். 0.1 மி.மீ.தானே என்று விட முடியாது. புது பிஸ்டனுக்கு விடுகிற இடைவெளியே சுமார் 0.03 மி.மீ.தான். அதில் இன்னொரு 0.1 சேர்ந்தால் குளிரில் பிஸ்டன் தட்டும், ஆயில் குடிக்கும், நீலப் புகை அப்படியே இருக்கும்.

இதைவிட ஆபத்து பின்னால் வந்த 2596 சிசி எஞ்சின் சாமான். போர் அதே 90.9, ஸ்ட்ரோக் 100 மி.மீ. டி.டி.சி.யில் பிஸ்டன் 3.8 மி.மீ. கூடுதலாக ஏறும் என்பதால் பிஸ்டன் உயரமோ ராட் நீளமோ மாறியே ஆக வேண்டும். அந்த கிராங்க், ராட், பிஸ்டன் எதையும் கலக்காதீர்கள். புதுப்பேட்டையில் ரெண்டும் ஒரே மூட்டையில்தான் கிடக்கும், கடைக்காரரும் "616 சார்" என்றுதான் சொல்வார். வெர்னியர் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உங்கள் எஞ்சின் ஏற்கெனவே திறந்ததாக இருந்தால் புத்தக அளவும் உதவாது. பிஸ்டன் தலையில் குத்தியிருக்கும் அளவைப் பாருங்கள்.

பேட்டர்ஸ்ரோடு_ஸ்பேர்ஸ்:

மேலே சொன்னதோடு சேர்த்து: வண்டி மாடலைச் சொல்லி சாமான் கேட்காதீர்கள், எஞ்சின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பிளாக்கின் இடப் பக்கம் இன்ஜெக்ஷன் பம்புக்குப் பின்னால் குத்தியிருக்கும். டபிள்யூ115 240டி என்றால் 616.916 என்று தொடங்க வேண்டும். 616.912 என்றால் அது டபிள்யூ123 எஞ்சின், யாரோ மாற்றியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய், பிரஷ் போதும். கிரைண்டர் பட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சொல்ல வேண்டி வரும்.

பென்ஸ் பார்ட் நம்பரில் ஏ எழுத்துக்கு அடுத்த மூன்று இலக்கம், அந்தச் சாமான் முதலில் எந்த எஞ்சினுக்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். அதனால் 615 என்றோ 617 என்றோ தொடங்கினாலே தவறான சாமான் என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம், நிறைய பொதுச் சாமான் உண்டு. அடுத்த இரண்டு இலக்கம் பிரிவு: 01 பிளாக், ஹெட், 03 கிராங்க், பிஸ்டன், 05 வால்வு, செயின், 07 டீசல் பம்பு, 18 ஆயில், 20 கூலிங்.

வெளியிலிருந்து வரவழைத்தே ஆக வேண்டியவை: பிஸ்டன் செட் (மாலே அல்லது கோல்பன்ஷ்மிட்), ஹெட் கேஸ்கெட் (எல்ரிங் அல்லது விக்டர் ரைன்ஸ்), செயின் (இவிஸ்). பேரிங் மெட்டலை கிராங்க் அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள். முன்பே கிரைண்டிங் ஆன கிராங்க் என்றால் பழைய மெட்டல் முதுகில் 0.25 அல்லது 0.50 என்று இருக்கும். வால்வு, கைடு டெம்போவில் கிடைத்தால் பழையதைப் பக்கத்தில் வைத்து தண்டு விட்டம், மொத்த நீளம், முகக் கோணம் மூன்றும் ஒத்தால் மட்டும் எடுக்கலாம். பழைய மார்க்கெட்டில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட், டைமிங் கவர், சம்ப் மாதிரி தேயாத சாமான் தேடுங்கள். ஹெட் போல்ட்டும் நாசிலும் அங்கே வாங்கவே கூடாது.

டப்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிராண்ட் டப்பாவுக்குள் உள்ளூர் கேஸ்கெட் வருவது சகஜம்.

கிண்டி_நாசில்:

க்ளோ பிளக் கேள்விக்கு: மாற்றக் கூடாது. உங்களுடையது சீரிஸ் சர்க்யூட். நாலு பிளக்கும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 0.9 வோல்ட்தான், மிச்சம் ரெசிஸ்டன்ஸ் கம்பியிலும் டேஷ்போர்டில் சிவக்கிற இண்டிகேட்டரிலும் இறங்கிவிடும். நடுவில் 12 வோல்ட் பென்சில் பிளக் போட்டால் மற்றவை சரியாகச் சூடாகாது. ஒன்று அறுந்தாலே நாலும் போச்சு என்பதால், காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு இதையும் பாருங்கள். ஒவ்வொரு பிளக்கையும் தடித்த கம்பியால் ஒரு நொடி பாலம் போட்டால், எதில் பாலம் போட்டதும் இண்டிகேட்டர் சிவக்கிறதோ அதுதான் அறுந்தது.

நாசில் கழற்றினால் கீழே இருக்கும் ஹீட் ஷீல்டு வாஷர் நாலையும் புதுசாகப் போடணும். ஒரு தடவை நசுங்கினது மறுபடி சீல் ஆகாது.

பம்பைக் கழற்றி டெம்போ பம்பு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுடையது வாக்யூம் கவர்னர் (இன்டேக் உறிஞ்சலை வைத்து டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது). இன்டேக்கில் இருக்கும் ஃபிளாப்பும் பம்பின் பின்னால் இருக்கும் டயாஃப்ரமும் ஜோடி. ஐடில் ஏறி இறங்கினால் முதலில் அந்த டயாஃப்ரத்தையும் ஹோஸையும் பாருங்கள். பம்பு திரும்ப மாட்டும்போது டி.டி.சி.க்கு 24 டிகிரி முன்னால் டைமிங் வையுங்கள், சொட்டு முறையில் (டீசல் சொட்டுவதைப் பார்த்து).

அடையாறு_டீசல்:

நன்றி. டேப்பெட் செட் பண்ணியும் மாற்றமில்லை. 2-ல் காற்று ஏற்றினால் 3-ல் வருகிறது. ஹெட் கழற்றியாச்சு, கேஸ்கெட் நடுவில் எரிந்திருக்கிறது. எஞ்சின் நம்பர் 616.916. பிஸ்டன் தலையில் 91.48 என்று இருக்கிறது.

அம்பத்தூர்_போரிங்:

அப்படியானால் முன்பே ஒரு தடவை 91.5-க்கு போரிங் ஆகியிருக்கிறது, அதுவும் 91.0-க்கான சரியான ஓவர்சைஸ் வரிசையில். டெம்போ கிட் எந்த வகையிலும் பொருந்தாது. போர் கேஜில் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு திசையிலும் அளங்கள். தேய்மானம் 0.10 மி.மீ.க்குள் இருந்தால் ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்ப்பது) போட்டு 91.5-க்கான ரிங் மட்டும் போதும். தாண்டியிருந்தால் அடுத்தது 92.0, அதுவே கடைசி, அப்புறம் லைனர்தான். பிஸ்டன் கைக்கு வருவதற்கு முன் போரிங் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அந்தந்த சிலிண்டரை வெட்ட வேண்டும்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பாருங்கள். முகம் வெட்டினால் செயின் தொய்ந்து கேம் பின்தங்கும்; மார்க் ஒத்துவராவிட்டால் ஆஃப்செட் வுட்ரஃப் சாவி (கேம் கியரைப் பிடிக்கும் சிறு சாவி) போட்டுச் சரிசெய்யலாம். போல்ட்டில் கவனம்: பழசு ஆலன் தலை, பின்னால் வந்தது பன்னிரண்டு முனை, நீளும் ரகம். இறுக்கும் முறையே வேறு, ரெண்டையும் கலக்கக் கூடாது.

பேட்டர்ஸ்ரோடு_ஸ்பேர்ஸ்:

கேஸ்கெட் வாங்கும்போது 92.0-க்குப் போகும் எண்ணம் இருந்தால் நெருப்பு வளையத்தின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். போருக்குள் நீட்டினால் மறுபடியும் எரியும்.

வின்டேஜ் பதிவு: 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருந்தால் ஏற்காது. கட்டணம் 20,000 ரூபாய், வி.ஏ. வரிசை எண் வரும். உங்கள் பிளாக் அசல் 616.916 என்பதால் அதையே வைத்து வேலை முடியுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரோடு ஒரு எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போகிறதா என்று பென்சில் பிரிண்ட் எடுத்து இப்போதே பாருங்கள். கேள்விக்கு மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி சங்கத்திலும் ஒரு வார்த்தை கேட்கலாம்.