முன்பாரமா, மூக்கெடையா: கேரவன் எடைத்தகட்டுக்கான சொற்கள்

அன்பின் குழுவினருக்கு,

வணக்கம். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்பதால், வண்டியின் எடை வரம்புகளைப் பொறித்த எடைத்தகட்டுக்கு என்னென்ன தமிழ்ச் சொற்கள் இடுவது என்று இதுவரை வந்த மடல்களைப் படித்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.

‘நிறை’ என்ற சொல்லைக் கையேட்டில் எங்குமே ஆளக்கூடாது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை, எடை என்று பிரிப்பதை இலங்கைப் பாடநூல்கள் திணிவு, நிறை என்று பிரிக்கின்றன. ஒரே சொல் கடலுக்கு இருபுறமும் வெவ்வேறு பொருள் தருகிறது. தகட்டில் கிலோகிராமில் பொறித்திருப்பது இயற்பியல்படி நிறையே என்று குழுவில் ஒருவர் எழுதியது சரிதான், ஆயினும் இருசாராரும் தயங்காமல் படிக்கும் சொல் ‘எடை’.

ஆகவே பொருள் ஏற்றாமல் பயணத்துக்கு அணியமாக நிற்கும் வண்டிக்கு ‘ஓடுநிலை எடை’, தாண்டவே கூடாத வரம்புக்கு ‘உச்ச எடை’, இடைப்பட்டதற்கு ‘ஏற்றுசுமை’. உச்ச எடை 1,500 கிலோ, ஓடுநிலை எடை 1,350 கிலோ என்றால், பின்னாளில் பொருத்திய கருவிகள் முதல் துணிமணி வரை எல்லாம் 150 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இதைக் ‘கொள்ளளவு’ என்றால், அலமாரியில் இடமிருக்கும்வரை அடுக்கலாம் என்றே படிப்பார்கள். சக்கர அச்சு தாங்கக்கூடிய எடைக்கு ‘அச்சுச்சுமை வரம்பு’ என்பதை யாரும் மறுக்கவில்லை. குறள் 475 மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கே அச்சு முறிவதைச் சொல்கிறது.

எஞ்சுவது, கேரவனின் முன்முனை காரின் கொக்கிக் குமிழை அழுத்தும் எடை. ‘மூக்கெடை’ என்பது ‘noseweight’ என்ற ஆங்கிலச் சொல்லின் வெறும் சொற்பெயர்ப்பு. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குபவர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலெழும் என்று ஒரு மூட்டையை நகர்த்தி வைப்பார். கேரவனிலும் அதே கணக்குத்தான்: பொதுவாக ஏற்றிய எடையில் 5 முதல் 7 விழுக்காடு முன்பாரம் வேண்டும். குறைந்தால் வண்டி பாம்புபோல் நெளியும். கொக்கியின் வரம்பை மிஞ்சினால் காரின் பின்புறம் அமிழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். பாரம் வடசொல் என்பதற்காக இந்த அறிவு ஏறிய சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை.

*

ஐயா,

பாரம் என்ற வடசொல்லுக்கு ஈடாகத் தமிழிலேயே சொல் உண்டு: பொறு என்னும் வேரிலிருந்து பொறை, பொறுப்பு இரண்டும் வந்தன. தாங்குவது எதுவோ அதுவே பொறை. எனவே ‘முன்பொறை’ என்பதே என் பரிந்துரை. அகராதியைத் திறந்தால்தான் புரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஆளாத சொல் எப்படிப் பழகும்? பெரும்பான்மையினர் முன்பாரத்தை ஏற்பதால் கையேட்டில் அதையே இடுங்கள். சொற்பட்டியலில் முன்பொறையும் ஒரு வரியாக நிற்கட்டும்.